பழைய கேசட் இதில் ஓடுமா?



வீடியோ கேம் விற்கிற கடையில் அரை மணி நேரம் சும்மா நின்று கவனித்தால் இரண்டு கேள்விகள் காதில் விழும். புதிய கன்சோல் ஒன்று வந்திருக்கும். பையன் கேட்பான்: "இதுல என்னென்ன கேம் வருது?" அப்பா கேட்பார்: "ஏற்கெனவே வாங்கி அடுக்கி வச்சிருக்கோமே, அதெல்லாம் இதுல ஓடுமா?" பையனின் கேள்வி ஆசையில் பிறந்தது. அப்பாவின் கேள்வி பில் கட்டியவருடையது. இன்று நான் பேச வந்திருப்பது அப்பாவின் கேள்வியைப் பற்றி. புதிய கன்சோலில் பழைய கேம் ஓடுவது அதன் வெற்றிக்குத் தேவைதானா?

இதற்கு ஆங்கிலத்தில் பேக்வேர்டு கம்பாட்டிபிலிட்டி என்று நீளமாக ஒரு பெயர். தமிழில் பின்னோக்கு இணக்கம் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டுமே என் வாயில் நுழைய மறுக்கின்றன. "பழையது ஓடுவது" என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் 90களில் இந்தக் கேள்வியே எழவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்று இங்கே டிவியோடு இணைத்து ஆடிய பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே ஒரே அமைப்பு. கார்ட்ரிட்ஜ் என்ற சொல் நமக்குத் தெரியாது, கேசட்தான். எந்தக் கடையில் வாங்கிய கேசட்டும் எந்தப் பெட்டியிலும் ஓடும்; எதிர்வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கலாம்; பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கி அதே கேசட்டைச் சொருகலாம். உரிமமே இல்லாத ஒரு சந்தை, தான் அறியாமல் செய்த புண்ணியம் அது. முறையாக உரிமம் பெற்று விற்ற நாடுகளில்தான் அப்பாக்களுக்குத் தலைவலி வந்தது.

1982-ல் அமெரிக்காவில் அடாரி நிறுவனம் 5200 என்ற புதிய கன்சோலை இறக்கியது. அதற்கு முன் அவர்கள் விற்ற 2600 வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கேசட்டுகள் புதிய 5200-ல் ஓடவில்லை. அதே ஆண்டு போட்டியாக வந்த கோலேகோவிஷன் ஒரு வேடிக்கை செய்தது. தன் பெட்டியின் முன்பக்கத்தில் மாட்டிக்கொள்ள ஒரு துணைக்கருவியை விற்றது. அதை மாட்டினால் அடாரி 2600 கேசட் ஓடும். சொந்த வாடிக்கையாளரின் பழைய கேசட்டுக்குச் சொந்தக் கம்பெனி வழி செய்யவில்லை, எதிரி செய்தான்! அடாரி வழக்குப் போட்டது. கோலேகோ உரிமத்தொகை கட்டுவது என்று சமரசமானது. அடாரி தானும் ஒரு துணைக்கருவியைக் கொண்டுவந்தது, ஆனால் 1983-ல். அதற்குள் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரியத் தொடங்கிவிட்டது. ஆகவே இந்தக் கதையிலிருந்து பெரிய பாடம் எதையும் நான் எடுக்க மாட்டேன். தரைமட்டமான தெருவில் எந்தக் கடைக்கு எவ்வளவு வியாபாரம் நடந்தது என்று கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

நிண்டெண்டோவின் கதைக்கு வருவோம். ஃபேமிகாமும் அதன் வெளிநாட்டு வடிவமான என்ஈஎஸ்ஸும் சேர்ந்து 6 கோடியே 19 லட்சம் விற்றன. அடுத்து வந்த சூப்பர் நிண்டெண்டோ 1991-ல் அமெரிக்காவுக்குப் போனபோது பெற்றோர் முணுமுணுத்தார்கள். இத்தனை கேசட் வாங்கிக் கொடுத்தோமே, அத்தனையும் வீணா? கோபத்தில் நியாயம் உண்டு. கடைசியில் சூப்பர் நிண்டெண்டோ 4 கோடியே 91 லட்சம் விற்றது. குறைவுதான். ஆனால் குறைந்ததற்குக் காரணம் அப்பாக்களின் முணுமுணுப்பு என்று சொல்ல முடியாது. எதிர்க்கடையில் சேகா கம்பெனி உட்கார்ந்திருந்தது. அதே 1991-ல் சோனிக் என்ற நீல முள்ளெலியை ஓடவிட்டுப் பையன்களை இழுத்தது. இத்தனைக்கும் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில், ஒரு மாற்றியை மாட்டினால், அதன் முந்தைய மாஸ்டர் சிஸ்டம் கேசட்டுகள் ஓடும். அதற்காக மெகா டிரைவ் வாங்கியவர் அமெரிக்காவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மாஸ்டர் சிஸ்டமே அங்கே சரியாகப் போகவில்லையே. அலமாரியில் பழையது இருந்தால்தானே அது ஓடுமா என்ற கவலை.

அந்த மெகா டிரைவின் உள்ளே இருந்த ஒரு சில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மாஸ்டர் சிஸ்டத்தின் மூளை இசட்80 என்ற செயலி. மெகா டிரைவுக்கு அதைவிட வலிமையான மூளை வந்துவிட்டது. ஆனால் பழைய இசட்80-ஐத் தூக்கி எறியவில்லை. ஒலியைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பழைய கேசட் வந்தால் அது மறுபடி எஜமானாகும், புதிய கேசட் வந்தால் பாட்டுக்காரனாகும்.

இதே தந்திரத்தைச் சோனி 2000-ல் செய்தது. பிளேஸ்டேஷன் 2-வில் முதல் பிளேஸ்டேஷனின் செயலி அப்படியே இருந்தது. பழைய டிஸ்க்கைப் போட்டால் அது கேமை ஓட்டும். புதிய டிஸ்க் என்றால் கன்ட்ரோலரில் அழுத்திய பொத்தானை வாங்கிச் சொல்வது, மெமரி கார்டைப் பார்த்துக்கொள்வது போன்ற எடுபிடி வேலைகள். நிண்டெண்டோ டிஎஸ் கையடக்கக் கருவியிலும் இதே கதை: அதிலிருந்த இரண்டு செயலிகளில் சிறியது, முந்தைய கேம் பாய் அட்வான்ஸின் செயலி வகையே. ஓய்வுபெற்ற தாத்தா கடை வாசலில் கல்லாவைப் பார்த்துக்கொள்வது போல. வீட்டில் சோறு போடவும் யாருக்கும் மனக்குறை இல்லை, தாத்தாவுக்கும் மரியாதை.

பிளேஸ்டேஷன் 2 உலகில் மிக அதிகம் விற்ற வீட்டுக் கன்சோல்; 15 கோடியைத் தாண்டியது. முதல் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றிருந்ததால் அலமாரிகளில் பழைய டிஸ்க்குகள் நிறைந்திருந்தன. ஆகவே பழையது ஓடியதுதான் வெற்றிக்குக் காரணம் என்று வாதாடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கருவியைத்தான் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறார்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் வேறு விஷயங்களும் வெளிவரும். 2000 மார்ச்சில் ஜப்பானில் அது வந்தபோது டிவிடி படம் பார்க்கும் கருவியாகவும் இருந்தது. டிவிடி பிளேயர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கு இரண்டு வேலையும் ஒரே பெட்டியில் முடிந்தது. போட்டிக்கு நின்ற சேகாவின் டிரீம்காஸ்ட்டில் டிவிடி இல்லை. அது 2001-ல் உற்பத்தியையே நிறுத்தியது.

ஆனாலும் பழையது ஓடியதற்கு ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கு எது என்று துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கன்சோலுக்கும் முதல் ஓராண்டு வறட்சிக் காலம். பிளேஸ்டேஷன் 2-வின் தொடக்க நாள் கேம்களைப் பார்த்து அன்று யாரும் அசரவில்லை. அந்த இடைவெளியில் பழைய டிஸ்க்குகள் பானையில் கிடக்கிற பழைய சோறு மாதிரி. விருந்துக்கு யாரும் அதைப் பரிமாறுவதில்லை, அடுப்பு பற்றும்வரை பசி தாங்க உதவும்.

இப்போது 2006-க்கு வருகிறேன். என் பேச்சின் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிளேஸ்டேஷன் 3-இன் மூளை செல் என்ற புத்தம் புதிய செயலி. பிளேஸ்டேஷன் 2-வின் அமைப்போடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழையது ஓட வேண்டும் என்பதற்காக, முதலில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற பெட்டிகளில் பிளேஸ்டேஷன் 2-வின் முக்கியச் சில்லுகளை அப்படியே வைத்து அனுப்பினார்கள். அதாவது ஒரு கன்சோலின் வயிற்றுக்குள் இன்னொரு கன்சோல். அமெரிக்காவில் விலை 499 டாலர், பெரிய மாடல் 599. பிரித்துப் பார்த்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், 599 டாலர் பெட்டியைச் செய்யவே சுமார் 840 டாலர் ஆகிறது என்று மதிப்பிட்டது. ஒவ்வொன்றாக விற்கும்போதும் நஷ்டம்.

அந்தப் பழைய சில்லுகளுக்குப் புதிய கேம் ஓடும்போது எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை. முன்னே சொன்ன தாத்தா கல்லாவில் இருந்தார். இந்தத் தாத்தா மாடியறையில் சும்மா படுத்திருந்தார். செலவைக் குறைக்கிற நாள் வந்ததும் முதலில் பார்வை போனது அவர்மேல். 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த மாடலில் பழைய செயலி இல்லை; பாதி வேலையை மென்பொருள் செய்தது, ஓடிய கேம்களின் எண்ணிக்கை குறைந்தது. அதே ஆண்டின் கடைசியில் வந்த 40 ஜிபி மாடலில் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஓடவே ஓடாது.

அப்பாக்களுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இணையத்தில் வந்தது. கடையில்? பழையது ஓடிய காலத்தில் பிளேஸ்டேஷன் 3 மந்தமாக விற்றது. பழையது ஓடாமல் போன பிறகு, விலை இறங்கி நல்ல கேம்களும் வரத் தொடங்கிய பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்தது. மொத்தம் 8 கோடியே 74 லட்சம் போனது. சோனி இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தது போலும். 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் எதுவும் ஓடாது. 11 கோடியே 70 லட்சம் விற்றது. தெளிவான வெற்றி அது.

பழையது ஓடுவது வெற்றி தராது என்பதற்கு இதைவிட அப்பட்டமான சாட்சி நிண்டெண்டோ வீட்டில் இருக்கிறது. 10 கோடிக்கு மேல் விற்ற வீ கன்சோலுக்கு அடுத்தபடியாக 2012-ல் வீ யூ வந்தது. வீ கேம்கள் அதில் அச்சு மாறாமல் ஓடின. பழைய கன்ட்ரோலர்கூட வேலை செய்தது. விற்றது 1 கோடியே 35 லட்சம். ஏழில் ஒரு பங்குகூட இல்லை! பெயரைப் பார்த்தவர்களில் பலர் அதை வீக்கு மாட்டும் ஒரு உதிரிக் கருவி என்றே நினைத்தார்கள். என் பார்வையில் இதில் பழையது ஓடியதும் ஒரு குற்றவாளி. பழைய கேம், பழைய கன்ட்ரோலர், பழைய பெயர். "எங்க வீட்லதான் ஒண்ணு இருக்கே" என்று அம்மா சொன்னால் பையன் என்ன பதில் சொல்வான்?

இன்னொரு விலையும் கொடுத்தார்கள். வீ யூவின் செயலி, வீக்கும் முந்தைய கேம்கியூப் கன்சோலிலிருந்து வீ வழியாக வந்த குடும்பம். அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் பவர்பிசி 750 என்ற 1997-ஆம் ஆண்டுச் செயலி. ஆப்பிளின் முதல் ஐமேக்கில் இருந்த அதே வம்சம். பழையது ஓட வேண்டும் என்று அந்த வம்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டதில், மற்ற ஸ்டுடியோக்கள் தங்கள் கேம்களைக் கொண்டுவரப் பார்த்தபோது செயலிக்கு வேகம் போதவில்லை என்று குறைப்பட்டார்கள். மூத்தாரைக் காக்கப் போய் விருந்தாளி படியேறவில்லை.

அடுத்து 2017 மார்ச்சில் ஸ்விட்ச் வந்தது. வீ யூ டிஸ்க்கைச் சொருக அதில் இடமே கிடையாது. 15 கோடியைத் தாண்டி விற்றது. அதோடு விஷயம் முடியவில்லை. வீ யூவில் 2014-ல் வந்த மரியோ கார்ட் 8 என்ற பந்தய கேமைக் கொஞ்சம் மெருகேற்றி, ஸ்விட்சுக்கு மறுபடி முழு விலையில் விற்றார்கள். 6 கோடி பிரதிக்கு மேல் போனது. வீ யூ கன்சோல் விற்றதைப் போல நாலு மடங்குக்கு மேல்! பழையது ஓடாதது நிண்டெண்டோவுக்கு நஷ்டமாக இல்லை, அறுவடையாக இருந்தது. வீ யூ வைத்திருந்த சிலர் ஒரே கேமுக்கு இரண்டு முறை காசு கொடுத்தார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு கேட்ட பிறகு, அப்பாவின் கேள்விக்கு மதிப்பில்லை, பையன் கேள்விதான் முக்கியம் என்று நீங்கள் எழுந்து போகலாம். நானும் 2013 வரை அப்படித்தான் நினைத்தேன். அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட்டில் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் பொறுப்பில் இருந்த டான் மேட்ரிக்கும் அப்படியே நினைத்தார். புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் ஓடாது என்று அறிவித்து, பின்னோக்கிப் பார்ப்பது பிற்போக்கு என்ற பொருளில் சொல்லோடு விளையாடினார். இரண்டே ஆண்டில், 2015 ஜூனில், அவருக்குப் பின் வந்த ஃபில் ஸ்பென்சர் மேடையேறி 360 கேம்களை ஓட வைக்கப் போகிறோம் என்றார். அரங்கம் ஆரவாரம் செய்தது.

அதைச் செய்த விதம் கவனிக்கத் தக்கது. சில் எதையும் உள்ளே வைக்கவில்லை. ஒவ்வொரு கேமாக எடுத்து, வெளியீட்டாளரிடம் அனுமதி வாங்கி, புதிய கருவிக்கேற்றபடி பொதிந்து வைத்தார்கள். வீட்டில் இருக்கும் பழைய டிஸ்க்கைப் போட்டால் அந்தப் பொதி இணையத்திலிருந்து இறங்கும். டிஸ்க் வெறும் அத்தாட்சிச் சீட்டு. ரெட் டெட் ரிடெம்ஷன் என்ற 2010-ஆம் ஆண்டு கேம் 2016-ல் இந்தப் பட்டியலில் சேர்ந்ததும் அமேசான் விற்பனைப் பட்டியலில் மளமளவென்று மேலே ஏறியது. ஆறு வயதான கேம்!

ஆனால் ஆர்ஸ் டெக்னிக்கா என்ற இதழ் 2017-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்களின் ஆட்ட நேரத்தை மாதிரியெடுத்துக் கணக்கிட்டபோது, பழைய 360 கேம்களில் கழிந்த நேரம் சுமார் 1.5 சதவீதம்தான். மைக்ரோசாஃப்ட் மறுத்து, எங்கள் வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பழைய கேம் ஆடிப் பார்த்திருக்கிறார்கள் என்றது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். பாதிப் பேர் ஆசையாகத் திறந்து, அரை மணி நேரம் பார்த்து, "அந்தக் காலத்தில் இதுவா நமக்கு இவ்வளவு அழகாகத் தெரிந்தது!" என்று மூடிவைத்திருப்பார்கள்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் பரண் இருக்கிறதா என்று கேட்பார்கள். பரணில் ஏற்றிய பித்தளை அண்டாவை ஆண்டுக்கு ஒரு முறை இறக்கினால் அதிகம். பரணுக்காக யாரும் வீடு மாறுவதில்லை. ஆனால் அண்டா வைக்க இடமில்லாத வீட்டுக்குக் குடிபோக மனம் வராது. பழையது ஓடுவதன் மதிப்பை ஆட்ட நேரத்தால் அளப்பது, பரணை எத்தனை முறை ஏறி இறங்கினார்கள் என்று எண்ணுவதற்குச் சமம்.

2013-ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. டிஸ்க் வாங்குவது குறைந்து, கேமை நேரடியாகக் கணக்கில் வாங்கி இறக்கிக்கொள்வது பெருகியது. டிஸ்க் என்றால் விற்கலாம், இரவல் தரலாம், பழைய கன்சோலோடு கட்டி அத்தை மகனுக்குக் கொடுக்கலாம். கணக்கில் வாங்கியது எங்கும் போகாது. கூடவே நண்பர் பட்டியல், சேமித்த ஆட்டங்கள், இத்தனை ஆண்டு சேர்த்த கோப்பைகள். பிளேஸ்டேஷன் 4-இல் நூறு கேம் வாங்கியவருக்கு அடுத்த கன்சோல் எது என்ற கேள்வி அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. ஃபில் ஸ்பென்சரே 2023-ல் இதை ஒப்புக்கொண்டார்: எல்லோரும் தங்கள் டிஜிட்டல் நூலகத்தைக் கட்டிக்கொண்டிருந்த அந்தத் தலைமுறையில் தோற்றதுதான் தங்களுக்கு நேர்ந்த மிக மோசமான தோல்வி என்ற பொருளில் பேசினார். நான் கேட்ட கன்சோல் வியாபாரிகளின் பேச்சுகளில் இவ்வளவு நேர்மையானது குறைவு.

2020-ல் இரண்டு கம்பெனிகளும் ஒரே வாரத்தில் புதியதை இறக்கின. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் நான்கு தலைமுறைக் கேம்கள் ஓடின. பிளேஸ்டேஷன் 5-இல் ஒரே ஒரு தலைமுறை. பிளேஸ்டேஷன் 4-இன் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஓடும் என்று சோனி சொன்னது. பழையது ஓடுவதை மதிப்பெண் போட்டுப் பார்த்தால் மைக்ரோசாஃப்ட்தான் முதல். விற்பனையில் சோனி வெகுதூரம் முன்னே. எக்ஸ்பாக்ஸ் பரணில் இருபது ஆண்டு அண்டாக்களுக்கு இடம் இருந்தது. மக்களின் அண்டா முழுக்கச் சோனி வீட்டில் இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தலைமுறை, தங்கள் தலைமுறை.

எனவே என் விடை இப்படி அமைகிறது. பழையது ஓடுகிறது என்று சொல்லிப் புது ஆளை உள்ளே இழுக்க முடியாது; 1982-லிருந்து இன்றுவரை அப்படி யாரும் இழுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியே போகவிடாமல் வைத்திருக்கலாம், அதுவும் போன தலைமுறையில் நீங்கள் ஜெயித்திருந்தால் மட்டும். வீ யூவில் 1 கோடியே 35 லட்சம் பேர்தான் குடியிருந்தார்கள்; அவர்களை விட்டுவிட்டு ஓட நிண்டெண்டோவால் முடிந்தது. ஸ்விட்சில் 15 கோடிப் பேர். 2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2-வில் பழைய ஸ்விட்ச் கேம்கள் ஓடியே ஆக வேண்டும் என்று அவர்கள் தலையால் தண்ணீர் குடித்தது அதனால்தான். உள்ளே இருக்கும் சில் வேறு. பழைய கேமின் கட்டளைகளை ஓடஓட மொழிபெயர்த்துக் கொடுக்கிறார்கள். முதல் நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. இதில் அப்பாவின் கேள்விக்கு எவ்வளவு பங்கு, புதிய மரியோ கார்ட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை. அன்று வரிசையில் நின்றவர்களில் பலர் பழைய சூப்பர் நிண்டெண்டோ காலத்துப் பையன்கள். இப்போது பில் கட்டுகிறவர்களும் அவர்களே. இரண்டு கேள்வியும் ஒரே வாயிலிருந்து வருகிறது.

முடிப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஸ்விட்சின் கேம் கார்டு நகம் அளவே இருக்கும். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாதென்று அதன்மேல் கசப்பான ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் நக்கிப் பார்க்கலாம், நான் பார்த்தேன், வேப்பங்காய் பரவாயில்லை. அந்தக் கார்டை ஸ்விட்ச் 2-வில் சொருகினால் கேம் ஓடுகிறது, ஏனென்றால் கேம் கார்டுக்குள் இருக்கிறது. ஸ்விட்ச் 2-வுக்கென்றே வரும் கார்டுகளில் ஒரு வகைக்குக் கேம்-கீ கார்டு என்று பெயர். உள்ளே கேம் கிடையாது, இறக்கிக்கொள்ள அனுமதிக்கும் சாவி மட்டும். இணையக் கடைக்கும் ஆயுள் உண்டு: வீ யூவின் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. வீ யூ வந்து பத்தாண்டுதான் கடந்திருந்தது. என் வீட்டுப் பரணில் 90களில் வாங்கிய ஒரு மஞ்சள் கேசட் இன்னும் கிடக்கிறது. போன பொங்கலுக்கு இறக்கி, நண்பர் வீட்டு நகல் பெட்டியில் சொருகினேன். இரண்டு முறை எடுத்து எடுத்துச் சொருக வேண்டியிருந்தது. மூன்றாவது முறை திரையில் டாங்கி கேம் வந்தது.